ரோலர் சத்தத்தில் தூங்கிய மகள்

அழகுமலைக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும். அவன் யாரையும் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஆறு லயங்கள், லயத்துக்குப் பத்து வீடுகள். அறுபது வீட்டிலும் சல்லடை போட்டுச் சலித்தாலும் உருப்படியான ஆள் ஒருத்தன் தேறமாட்டான் என்பது அவனுடைய முடிவு. கொழுந்து கிள்ளும் பெண்கள் முற்றல் இலையைக் கிள்ளிக் கூடையை நிரப்புகிறவர்கள். கங்காணி வெறும் வாய்ச்சவடால். யூனியன் செயலாளர் மானேஜருக்கு முன்னால் வேட்டியை இறக்கிவிட்டு, லயத்துக்கு வந்ததும் தூக்கிக் கட்டுகிறவன். பக்கத்து வீட்டு ராக்கப்பன் மழை பெய்தால் வேலைக்குப் போகாதவன். அந்த மலையில் வருசத்துக்கு ஏழு மாதம் மழை.

இப்படிப் பேச அவனுக்குக் கொஞ்சம் தகுதியும் இருந்தது, அதுதான் தொல்லை. பேக்டரியில் அவன் ரோலர்காரன். வாட்டிய கொழுந்தைச் சுருட்டி நசுக்குகிற நாலு பெரிய இயந்திரங்களும் அவன் பொறுப்பு. இலையைக் கையில் அள்ளிப் பார்த்தே இன்னும் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று சொல்லிவிடுவான், சொன்னது தப்பாது. பேக்டரியை நடத்துகிற டீ மேக்கர் நாயரே சந்தேகம் வந்தால் அவனிடம்தான் கேட்பார். அவர் திரும்பிப் போனதும், இந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று அழகுமலை பக்கத்தில் நிற்பவனிடம் சொல்வான். நாயருக்கு இது தெரியும். வேலை நடந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

அவன் மனைவி வேலுத்தாய்க்குப் பிறந்த ஊர் போடி. எழுபத்தோராம் வருசம் அவள் தலைப்பிள்ளை உண்டாகி ஏழாம் மாதம் ஆனபோது, வழக்கப்படி அழைத்துப்போக அவளுடைய அப்பா புளிச்சாதமும் வளையலும் கட்டிக்கொண்டு கம்பம் வழியாக மலை ஏறி வந்தார். அழகுமலை அனுப்பவில்லை. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர்வழக்கமாக இருக்கலாம், ஆனால் எட்டுப் பெற்று நாலைப் பறிகொடுத்த வீட்டுக்கு என் பிள்ளையை நம்பி அனுப்புவதா என்று மாமனாரின் முகத்துக்கு நேராகக் கேட்டான். மனிதர் புளிச்சாதத்தை அவிழ்க்காமலே திரும்பிப் போனார். பிள்ளை எஸ்டேட் ஆசுபத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை. செத்துப்போன தன் தாயின் பேரை, மூக்கம்மாள் என்று, அவனே வைத்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு வேலை. பேக்டரியில் இயந்திரத்தைப் பார்ப்பது, வீட்டில் மகளைப் பார்ப்பது. இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தான், அதாவது இன்னொருத்தரைக் கிட்டே விடாமல். குளிப்பாட்ட வந்த கிழவியை, உன் கை நடுக்கத்துக்கு அம்மி போதாதா என்று திருப்பி அனுப்பினான். சாம்பிராணி போடுகிற அளவு, பிள்ளையைத் திருப்பிப் போடுகிற நேரம், ராகிக்கூழின் பதம் எல்லாம் அவன் சொன்னபடிதான். கேலிக்குச் சொல்லவில்லை, அவன் நிறையவே கற்றுக்கொண்டான். பல் முளைக்கும்போது காய்ச்சல் சாயங்காலம்தான் ஏறும் என்பதும், பார்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளை சாப்பிடாது என்பதும், எண்ணெய்த் துணியை விளக்கில் காட்டி எந்தச் சூட்டில் வயிற்றில் வைக்கலாம் என்பதும் அந்த லயத்தில் வேறு எந்த அப்பனுக்கும் தெரியாது. தெரியாத அப்பன்களைப் பார்த்து, பெத்துப்போட்டால் போதுமா, அதை ஆடும் செய்கிறது என்று சொல்வான். சொந்த மகள்மேல் அவ்வளவு உயிரை வைத்திருந்தவனுக்கு ஊரான் பிள்ளைமேல் ஒரு துளி இரக்கமில்லை.

மகளுக்கு ஒரு வயதானபோது அவளைத் தூக்கிக்கொண்டு பேக்டரிக்கே போக ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஷிப்டில் நாயர் கண்டும் காணாமல் இருந்தார். ரோலர் ரூம் என்பது நல்ல காது உள்ளவன் அரைமணி நேரம் நிற்க முடியாத இடம். நாலு ரோலரும் ஓடினால் தரை அதிரும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும், காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அந்த இடத்தில் கொழுந்துச் சாக்குகளின் மேல் கம்பளியை விரித்துப் போட்டால் மூக்கம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள். ஷிப்டு முடிந்து தலைக்கு மேலேயே சங்கு ஊதும். கூரைப் புறாக்கள் எல்லாம் பறக்கும். அவள் இமைகூட அசையாது.

அழகுமலைக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் குழந்தையாவது இப்படித் தூங்குமா, இது என் ரத்தம், இயந்திரத்துக்குப் பயப்படாத ரத்தம் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். ராக்கப்பன் மகன் சோலை, அவளைவிட ஒரு மாதம் மூத்தவன், சங்கு ஊதினால் வீரிட்டு அழுகிறவன். அப்பனைப்போல இவனும் பயந்தாங்கொள்ளி என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். ராக்கப்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். பதில் சொன்னால் இன்னும் ரெண்டு கேட்க வேண்டியிருக்கும்.

ரோலர் ரூமில் வாய் பேசிப் பயனில்லை என்பதால் அங்கே எல்லாம் கைப்பேச்சுதான். முஷ்டியை மடக்கினால் நிறுத்து. உள்ளங்கையை மேலே தூக்கினால் இன்னும் கொழுந்து போடு. கட்டைவிரலை வாயில் வைத்தால் தண்ணீர். கையைத் தட்டையாக ஆட்டினால் மெதுவாக. பன்னிரண்டு வருசப் பழக்கத்தில் அழகுமலை வீட்டிலும் பாதி நேரம் கையால்தான் பேசுவான், கட்டைவிரலைக் காட்டினால் வேலுத்தாய் செம்பை நீட்ட வேண்டும். மகளும் அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வயதில் முஷ்டியைக் காட்டினால் நின்றாள், கையை ஆட்டினால் மெதுவாக நடந்தாள், தானும் கட்டைவிரலை வாயில் வைத்துத் தண்ணீர் கேட்டாள். வாயைத் திறந்து சொல்லாமலே புரிந்துகொள்கிற பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று அவன் கேட்டான். யாரும் பார்த்திருக்கவில்லை.

இரண்டரை வயதில் சோலை, அப்பனுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் பாதியைச் சுத்தமாகச் சொன்னான். மூக்கம்மாள் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. லயத்துக்கு வேறு வேலை ஏது, பேச ஆரம்பித்தது. தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் வைக்காத குறை என்றார்கள். போடியிலிருந்து மாமியார் வசம்பும் தேனும் கொடுத்துவிட்டாள். வேலுத்தாய் வசம்பைச் சுட்டு, இழைத்து, புருசனுக்குத் தெரியாமல் பிள்ளையின் நாக்கில் தடவினாள். தெரிந்த அன்றைக்கு அவன் அந்தப் பொட்டலத்தை ஓடையில் எறிந்தான். கிளிதான் சீக்கிரம் பேசும், அதனால் கிளிக்கு அறிவு இருக்கிறது என்று அர்த்தமா என்று கேட்டான். வேலுத்தாய் முதுகுக்குப் பின்னால் தட்டத்தைத் தட்டிப் பார்த்தாள், பிள்ளை திரும்பவில்லை. கண்டவர்கள் கூப்பிட்டால் திரும்புவதற்கு அவள் என்ன நாயா, என்னைப்போல அவளுக்கும் ஆள்தரம் தெரியும் என்றான். இப்படி ஒரு அசட்டு விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால், அந்த வீட்டில் வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

திறந்து சொன்னவள் சின்னத்தாய். கொழுந்து கிள்ளப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எஸ்டேட்டில் ஒரு கொட்டகை உண்டு. அதற்கு அவள்தான் ஆயா, வேலை நாட்களில் வேறு வழியில்லாமல் மூக்கம்மாளும் அங்கேதான். முப்பது வயது, புருசன் கம்பத்தில் வேறு ஒருத்தியோடு போய்விட்டான், பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அழகுமலையின் பட்டியலில் அவளுக்குக் கடைசி இடம், ராக்கப்பனுக்கும் கீழே. ஒருநாள் பால் காய்ச்சுகிற பெரிய அலுமினியக் குண்டான் திண்டிலிருந்து விழுந்து உருண்டது. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அலறின. மூக்கம்மாள் மட்டும் சுவரில் போன எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் சின்னத்தாய், இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, டாக்டரிடம் காட்டு என்று வேலுத்தாயிடம் சொன்னாள்.

மறுநாள் காலை, பெண்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கொண்டிருந்த நேரத்தில், அழகுமலை கொட்டகைக்கு வந்தான்.

"பால் ஆத்துற உனக்கு எம்புள்ள காதைப் பத்தி என்னடி தெரியும்? கட்டுன புருசன் போறது தெரியல, காது கேக்குறது தெரிஞ்சுருச்சோ?"

சின்னத்தாய் கையிலிருந்த பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள். நாலைந்து பெண்கள் இருந்தார்கள், ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. அவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். இனி அந்தக் கொட்டகைக்கு அவள் போகமாட்டாள் என்று வேலுத்தாயிடம் சொல்லிவிட்டு, நாயரிடம் போய் ராத்திரி ஷிப்டு வாங்கிக்கொண்டான். பகலில் பிள்ளையைத் தானே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆயா வேலை பார்க்கிற ஒரே ரோலர்காரன் என்று ஆண்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவன் சட்டை செய்யவில்லை. மகளுக்குப் பேன் பார்த்தான், தலை பின்னினான், பாவாடை துவைத்தான். எல்லாவற்றையும் அந்த லயத்துப் பெண்களைவிட நன்றாகவே செய்தான்.

ஆனால் ராத்திரி முழுக்க ரோலரோடு நின்றவன் காலையில் வந்து படுத்தால் பதினோரு மணி வரைக்கும் பிணம் மாதிரித் தூங்குவான். அவ்வளவு காவலுக்கும் நடுவில் இப்படி ஒரு பெரிய ஓட்டை இருப்பது அந்தப் புத்திசாலிக்குத் தெரியவில்லை. மூக்கம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு, லயத்துக்குக் கீழே இருந்த கொட்டகைக்குத் தினமும் போனாள். சின்னத்தாய் விரட்டவில்லை. அவன் விழிப்பதற்கு முன்னால் அவளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிடுவாள். ஒரு வருசத்துக்கு மேல் இது நடந்தது. அறுபது வீட்டுக்கும் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனிடம் யாரும் எதுவும் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

எமர்ஜென்சி வந்த வருசம், ஆவணி மாதம், மூக்கம்மாளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். அழகுமலை லயத்து மேட்டில், குழாயடியில், மகளின் பாவாடையை அலசிக்கொண்டிருந்தான். அவள் கீழே ரோட்டு நடுவில் குந்தியிருந்து, குட்டைத் தண்ணீரில் ஒரு குச்சியை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். மேல் டிவிசனிலிருந்து கொழுந்து ஏற்றிய டிராக்டர் வளைவைத் திரும்பி இறங்கியது. சேற்றில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, பிரேக் பிடிக்காமல் டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். அழகுமலை நிமிர்ந்து பார்த்தான். மகளின் முதுகு தெரிந்தது.

அவன் கத்தினான். நாலு ரோலருக்கு மேலே எழும்பிப் பழகிய குரல் அது. ஆறு லயத்திலும் ஆட்கள் வெளியே வந்தார்கள். அடுத்த மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். மூக்கம்மாள் குச்சியைத் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் முஷ்டியை மடக்கிக் காட்டினான், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு. பாவாடையைப் போட்டுவிட்டு ஓடினான். எட்டிப் பிடிக்கிற தூரம் இல்லை என்று ஓடும்போதே தெரிந்தது.

மூக்கம்மாளுக்கு எதிரே, ரோட்டின் கீழ்ப் பக்கத்தில், ஆசுபத்திரியிலிருந்து பால்பவுடர் டின்னோடு சின்னத்தாய் வந்துகொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. டின்னைத் தூக்கிப் பிள்ளையின் முன்னால் தண்ணீரில் எறிந்தாள். தண்ணீர் தெறித்து மூக்கம்மாள் நிமிர்ந்தாள். சின்னத்தாய் தன் நெற்றியில் குறுக்காக ஒரு கையை இழுத்துக் காட்டி, ரோட்டோரத்தைச் சுட்டினாள். பிள்ளையின் முகம் மலர்ந்தது. துள்ளி எழுந்து ஓரத்துக்கு ஓடினாள். டிராக்டர் அந்தக் குட்டையையும் டின்னையும் மிதித்துக்கொண்டு இறங்கிப் போய் மண்மேட்டில் முட்டி நின்றது.

பிழைத்த பிள்ளையை வாரி அணைத்துக்கொண்ட மனுசன் முதலில் என்ன செய்ய வேண்டும்? அழகுமலை சின்னத்தாயைத் திட்டினான். நடுரோட்டில் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிறாயா, உன்னால்தான் அவள் ரோட்டுக்கு வந்தாள், உன் தரித்திரம் என் வீட்டுக்கு வரவேண்டுமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். சின்னத்தாய் நசுங்கின டின்னைச் சேற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மலைச் சரிவிலிருந்து குறுக்கே இறங்கி ஓடிவந்த வேலுத்தாய், கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து கழற்றி, கூடையைக் கீழே வைத்தாள்.

"அவளைப் பேசாதீக. நீங்க கத்துனது ஆறு லயத்துக்கும் கேட்டுச்சு. மலையில நின்ன எனக்குக் கேட்டுச்சு. உங்க மகளுக்குக் கேக்கல. அவளுக்குக் காது கேக்காதுன்னு எனக்கு ஒண்ணரை வருசமாத் தெரியும்."

"தெரிஞ்சு ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

வேலுத்தாய்க்கு மூச்சு வாங்கியது. நிதானமாகத்தான் பேசினாள்.

"குறையுள்ள ஒருத்தரையாவது நீங்க மனுசரா நெனச்சு நான் பாக்கல. எம்புள்ளையையும் அந்தக் கூட்டத்துல சேத்துருவீகளோன்னு பயந்தேன். காது கேக்காட்டியும் போகுது, அப்பனாவது இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

சுற்றி நின்றவர்கள் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்தார்கள். மகளை அப்படிப் பார்த்திருப்பேனோ என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். வெளியார் பிள்ளையாக இருந்தால் செவிட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்திருக்கமாட்டான், அது அவனுக்கே தெரிந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு மகளைக் கோட்டயத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனான். வேலுத்தாயை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, அவளாகத்தான் வரவில்லை. டாக்டர் பிள்ளையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், முட்கரண்டி மாதிரி ஒன்றைத் தட்டித் தட்டி வைத்தார், மலையாளம் கலந்த தமிழில் அரைமணி நேரம் விசாரித்தார். பிறவியிலேயே காது கேட்காது என்றார். ரோலர் சத்தத்தில் போட்டதால் வந்ததா என்று அழகுமலை மூன்று தடவை கேட்டான். இல்லை என்று மூன்று தடவையும் சொன்னார். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. ரோலர் காரணமாக இருந்திருந்தால் வைவதற்காவது ஒரு ஆள், அந்த ஆள் அவனாகவே இருந்தாலும், கிடைத்திருப்பான். மருந்து கிடையாது, ஆறு வயதானால் இதற்கென்று உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், அதுவரைக்கும் கையாலாவது நிறையப் பேசுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பஸ் முண்டக்கயம் தாண்டி மலை ஏறும்போது மூக்கம்மாள் அழ ஆரம்பித்தாள். புது இடம், புது ஆட்கள், காதைக் குடைந்து பார்த்த வலி, பசி. அம்மாவையும் காணோம். அழகுமலை அவளை மடியில் திருப்பி உட்காரவைத்து, அழாதே, வீட்டுக்குத்தான் போகிறோம், அம்மா அங்கே இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு கையெடுத்தான். கையில் என்ன இருக்கிறது? நிறுத்து. போடு. தண்ணீர். மெதுவாக. வீடு என்பதற்கு ரோலர் ரூமில் சைகை கிடையாது, அம்மா என்பதற்குக் கிடையாது, பயப்படாதே என்பதற்கும் கிடையாது. நாலு வருசம் ஊரில் எந்த அப்பனுக்கும் தெரியாததெல்லாம் தெரிந்து வளர்த்தவன், சொந்த மகளிடம் ஒரு இயந்திரத்தோடு பேசுகிற அளவுக்குத்தான் பேசியிருக்கிறான். அவள் பீர்மேடு வரைக்கும் அழுதாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்று அழகுமலை சொன்னான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து முதன்முதலில் கேட்டவர் அந்தக் கிழவர்தான், அது அவருக்குத் தெரியாது.

இரண்டு நாள் யோசித்தான். மகளோடு பேசத் தெரிந்த ஆள் இந்த மலையில் ஒருத்திதான். நெற்றியில் ஒரு கையை இழுத்து அவளைச் சாவிலிருந்து கிளப்பியவள். அவளிடம் போய் நிற்பதற்கு டிராக்டர் முன்னால் போய் நிற்கலாம் என்று இருந்தது. இதில் பரிதாபப்பட ஒன்றும் இல்லை. ஒருவன் வருசக்கணக்காக எல்லாருடைய வாசலிலும் துப்பிவிட்டு, பிறகு ஒரு வாசலில் ஏறவேண்டி வந்தால் வழுக்கத்தான் செய்யும்.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், பால் கொடுக்க வந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கொட்டகையில் இருந்தபோது, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனான். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கலாம். திட்டும்போது ஆள் இருந்தார்கள், இப்போதும் இருக்கட்டும் என்று வந்தான். அந்த மட்டுக்கும் அவனிடம் நேர்மை இருந்தது. வேலுத்தாயும் ஒரு ஓரத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ளைக்குக் காது கேக்கல," என்றான். "நீ அவகூடப் பேசுறயே, அதை எனக்கும் கத்துக்குடு."

சின்னத்தாய் உடனே இளகிவிடவில்லை. ஏன் இளக வேண்டும்? அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, ஆயாகிட்டப் படிக்கணும்னா புள்ளைகளோட கீழதான் உக்காரணும் அண்ணே என்றாள். அவன் மூக்கொழுகுகிற பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சோலை வந்து அவன் முழங்கால்மேல் காலை வைத்து நின்றான்.

அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இரண்டு கையையும் கூரை மாதிரிச் சேர்த்தால் வீடு. நெஞ்சில் தட்டி உள்ளங்கையைக் காட்டினால் பயம் இல்லை. ஆட்களுக்கும் பேர் உண்டு. நெற்றியில் கையை இழுத்தால் கூடைக் கயிறு, அதாவது அம்மா. அன்றைக்கு ரோட்டில் காட்டியது அதுதான், அம்மா அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று. குண்டானில் துழாவினால் சின்னத்தாய். மூக்கை இழுத்துத் துடைத்தால் சோலை. மூக்கம்மாளுக்கு மூக்கைத் தொட்டால் போதும். எல்லாம் அவளும் பிள்ளையுமாகச் சேர்ந்து உண்டாக்கியது. அழகுமலை ஒவ்வொன்றையும் செய்து பார்த்தான். மகள் அவன் கையைப் பிடித்துத் திருத்தினாள். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அப்பாவுக்கு இந்தப் பேச்சு தெரியும் என்று அவள் நினைத்ததே இல்லைபோல.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, என் பேர் என்ன என்று கேட்டான்.

சின்னத்தாய் வேலுத்தாயைப் பார்த்தாள். வேலுத்தாய் கஞ்சித் தட்டைப் பார்த்தாள். அது இருக்கட்டும் அண்ணே, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள் சின்னத்தாய். அவன் விடவில்லை. அப்பனுக்கு ஒரு பேர் இல்லாமலா இருக்கும் என்றான். அவள் வேறு வழியில்லாமல் பிள்ளையின் பக்கம் திரும்பி, அவனைச் சுட்டிக்காட்டி, யார் என்று கையை விரித்தாள்.

மூக்கம்மாள் சிரித்துக்கொண்டே கீழுதட்டைப் பிதுக்கினாள். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, புறங்கையால், எதிரே நிற்கிறவர் ஒரு தூசி என்பதுபோலக் காற்றைத் தள்ளிவிட்டாள்.

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. அழகுமலை மகளையும் மற்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் எப்ப இப்பிடிச் செஞ்சேன்?"

ஒருத்தி தன் பிள்ளையின் வாயைத் துடைக்கக் குனிந்தாள். வாசலில் நின்ற ராக்கப்பனின் மனைவி தரையைப் பார்த்தாள்.

"நான் சொல்லிக்குடுக்கல அண்ணே," என்றாள் சின்னத்தாய். "அவளுக்குக் கண்ணுதான எல்லாம். உங்க மொகத்துல என்ன பாத்தாளோ அதையே பேரா வச்சுட்டா."

"மாத்த முடியாதா?"

"நான் மாத்த முடியாது. அவ வச்ச பேரு."

அழகுமலை தலையைக் குனிந்துகொண்டான். தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அறுபது வீட்டு மனிதர்களும் இத்தனை வருசம் எதைப் பார்த்துக்கொண்டு எதிரே நின்றார்கள் என்பதை, பால்பல் விழாத ஒரு முகத்தில் பார்த்துவிட்டான். வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

சங்கு ஊதியது. பெண்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மூக்கம்மாளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அவள் வாசலுக்குப் போய் நின்று, ரோட்டைப் பார்த்து, பிறகு அவன் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் கூரையாகச் சேர்த்தாள். வீடு. பிறகு உதட்டைப் பிதுக்கி, முகத்தைத் திருப்பி, புறங்கையால் தள்ளினாள். அந்த முகத்தில் இகழ்ச்சி என்று ஒன்று இல்லை. சோலை அப்பா என்று கத்தும்போது அவன் முகத்தில் இருப்பதுதான் இருந்தது. தூக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு கையை நீட்டியபடி, அவன் வரவில்லையே என்று அவள் மறுபடியும் அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவன் எழுந்து அவளிடம் போனான்.